காசில் பெயர் யாருடையது? வெள்ளி யாருடையது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உள்நாட்டுப் போரும் நாணயமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் இது கொஞ்சம் வம்பான தலைப்பு. ஏனென்றால் நம் மொழியில் கையில் இருக்கும் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் நாணயம் என்றுதான் பெயர். கடைத்தெருவில் ஒருவரைப் பற்றி 'நாணயமான மனிதர்' என்று சொன்னால், அவருக்குக் கடன் கொடுக்கலாம், திரும்பி வரும் என்று பொருள். போர்க்காலத்து நாணயத்தைப் பற்றிப் பேச வந்தால் இந்த இரண்டு பொருளும் சேர்ந்தேதான் வருகின்றன. ஏன் என்பதைப் பாருங்கள்.

விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோல சிலாங்கூர் மலைக்குப் போகாதவர் இந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டீர்கள். புக்கிட் மெலாவத்தி. மேலே பழைய பீரங்கிகள், சுற்றிலும் லூத்தோங் குரங்குகள். குரங்குக்குத் தீனி கொடுத்துவிட்டு, பீரங்கி மேல் பிள்ளையை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்த மலையடிவாரத்தில் 1870-இலிருந்து 1873 வரை மாறி மாறிச் சண்டை நடந்தது. கிள்ளான் போர் என்றும் சிலாங்கூர் உள்நாட்டுப் போர் என்றும் சொல்கிறார்களே, அந்தப் போர். அதில் மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தியச் சிப்பாய்கள், ஐரோப்பியக் கூலிப்படை அதிகாரிகள் எல்லாரும் இருந்தார்கள். கூலிப்படை என்றால் கூலி வேண்டும். அந்தக் கூலி எந்தக் காசில் கொடுக்கப்பட்டது? அதில் யார் பெயர் இருந்தது?

இதற்கு விடை சொல்வதற்கு முன், போர் நடுவே உண்மையாகவே நாணயச்சாலையைப் பிடித்துத் தன் பெயரில் காசு அடித்த ஒருவரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் நம் ஊர்க் கதை எளிதில் விளங்கும். அதற்கு நாம் குஜராத்துக்குப் போக வேண்டும்.

1657 செப்டம்பரில் தில்லியில் பேரரசர் ஷாஜஹான் நோயில் விழுந்தார். தாஜ்மகால் கட்டிய அதே ஷாஜஹான்தான். சில நாள் மக்களுக்கு முகம் காட்டவில்லை. அவ்வளவுதான், 'பாதுஷா போய்விட்டார்' என்று வதந்தி நாடு முழுவதும் பறந்தது. மகன்கள் நான்கு பேர். மூத்தவர் தாரா தந்தையின் பக்கத்தில் இருந்தார். ஷூஜா வங்காளத்தில். ஔரங்கசீப் தக்காணத்தில். கடைக்குட்டி முராத் பக்ஷ் குஜராத்தில்.

முகலாய ஆட்சியில் ஒருவர் அரசராகிவிட்டார் என்பதற்கு அடையாளம் இரண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் அவர் பெயர் வாசிக்கப்பட வேண்டும். காசில் அவர் பெயர் பொறிக்கப்பட வேண்டும். அந்தக் காலத்தில் பத்திரிகை கிடையாது, வானொலி கிடையாது. மூலையில் இருக்கும் கிராமத்துக்குப் புது அரசரின் பெயர் காசில் ஏறித்தான் போய்ச் சேர வேண்டும். முராத் காத்திருக்கவில்லை. 1657-ஆம் ஆண்டு முடிவதற்குள் அகமதாபாத்தில் முடி சூட்டிக்கொண்டார். சூரத், அகமதாபாத், கம்பாயத்து ஆகிய மூன்று ஊர்களின் நாணயச்சாலைகளிலும் அவர் பெயரில் ரூபாய் அடிக்கப்பட்டது. வங்காளத்தில் ஷூஜாவும் அக்பர்நகரில் இதையே செய்தார். தந்தை உயிரோடு இருக்கிறார். அவர் பெயரிலும் காசு வந்துகொண்டிருக்கிறது. ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் மூன்று பாதுஷாக்களின் ரூபாய்!

பெயர் வெட்டுவதற்கு அச்சுச் செதுக்கும் தட்டார் ஒருவர் போதும். ரூபாய்க்கு வேண்டிய வெள்ளி எங்கிருந்து வரும்? அதுதான் கேள்வி.

குஜராத்தில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. சூரத்து நாணயச்சாலைக்கு வெள்ளி கடல்வழியாக வந்தது. ஸ்பானியர்கள் தென்னமெரிக்காவில் போத்தோசி மலையிலும் மெக்சிகோவிலும் தோண்டிய வெள்ளி, பெரிய பெரிய ஸ்பானிய நாணயங்களாகி, ஐரோப்பியக் கப்பல்களிலும் செங்கடல் போய்வரும் கப்பல்களிலும் ஏறிச் சூரத்துக்கு வரும். வணிகர் அதை நாணயச்சாலைக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டினால், தரம் பார்த்து, உருக்கி, துண்டுபோட்டு, எடை சரிசெய்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்து ரூபாயாகக் கொடுப்பார்கள். ஒரு ரூபாய் 11 கிராமுக்குச் சற்று மேல். ஒரு ஸ்பானிய வெள்ளியை உருக்கினால் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். அச்சு பெரியது, காசு சின்னது. அதனால் அரசர் பெயர் முழுதாக விழாத காசுகளும் உண்டு. பாதுஷாவாக வேண்டும் என்று ஆசைப்பட்டவரின் பெயரில் பாதி வெளியே போய்விடும்!

ஆக, காசில் பெயர் அரசருடையது, வெள்ளி வணிகருடையது. சமாதான காலத்தில் வணிகர் தாமாகவே கொண்டுவந்து அடித்துக்கொள்வார். போர்க்காலத்தில் அரசருக்கு அவசரம். முராத் தம் தளபதி ஷாபாஸ் கானைப் படையோடு சூரத்துக்கு அனுப்பினார். டிசம்பரில் கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்துக் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு ஊர் வணிகர்களை அழைத்துக் கடன் கேட்டார்கள். கேட்டார்கள் என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன். கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தவன் கடன் கேட்டால் யார் மறுப்பது? பேரம் பேசி, கடைசியில் ஊரின் பெரும் செல்வர்களான வீர்ஜி வோராவும் ஹாஜி முகமது ஜாஹிதும் எல்லா வணிகர் சார்பிலும் 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். முத்திரை குத்திய பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அகமதாபாத்தில் சாந்திதாஸ் ஜவேரி என்ற புகழ்பெற்ற நகை வணிகரின் குடும்பமும் கூட்டாளிகளும் கொடுத்தது ஐந்தரை லட்சம்.

படை கிளம்பியது. முராதும் ஔரங்கசீப்பும் கைகோத்தார்கள். 1658 ஏப்ரலில் தர்மத், அடுத்து ஆக்ரா அருகே சாமுகர், இரண்டிலும் வெற்றி. தாரா ஓடினார். தந்தை ஆக்ராக் கோட்டையில் சிறைப்பட்டார். முராத் இனி நான்தான் என்று நினைத்திருந்த நேரம், ஜூன் மாதக் கடைசியில் மதுரா அருகே அண்ணன் ஔரங்கசீப் விருந்துக்கு அழைத்தார். தம்பி உண்டு களைத்துத் தூங்கினார். விழித்தபோது ஆயுதம் இல்லை, கையில் விலங்கு. மூன்று ஆண்டு கழித்து, 1661 டிசம்பரில், குவாலியர் கோட்டைச் சிறையில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது அந்தக் கடன்தான். கைதாவதற்குச் சில நாள் முன்பு, முராத் சாந்திதாஸ் குடும்பத்துக்குக் கடனைத் திருப்பித் தரும்படி குஜராத் வருவாயிலிருந்து ஆணை எழுதிக் கொடுத்திருந்தார். கோபக்காரர், குடிப்பவர், தம் திவானையே கையால் கொன்றவர் என்றெல்லாம் வரலாறு அவரைத் திட்டுகிறது. ஆனால் வாங்கிய கடனுக்கு ஆணை எழுதியிருக்கிறார். ஆணையில் மை காய்வதற்குள் எழுதியவர் சிறைக்குப் போய்விட்டார். இனி அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? சாந்திதாஸ் வென்றவரிடம் போனார். ஔரங்கசீப் ஒரு லட்சம் கொடுக்கச் சொல்லி ஆணையிட்டார். ஐந்தரையில் ஒன்று! அதுவும் குஜராத் வணிகர்களின் நல்லெண்ணம் புது அரசுக்கு வேண்டும் என்பதற்காக.

முராத் பெயர் பொறித்த ரூபாயின் கதி வேறு. முகலாயச் சந்தையில் புது ரூபாய்க்கு முழு மதிப்பு. பழைய ரூபாய்க்கு வட்டம் கழிப்பார்கள். கழிப்பவர் சராப்பு, அதாவது காசு சோதிக்கும் வணிகர். தோற்றவர் பெயர் இருந்தாலும் காசு காசுதான், ஏனென்றால் உள்ளே வெள்ளி இருந்தது. பத்திரத்துக்குள் ஒன்றும் இல்லை, எழுதியவரின் நாணயத்தைத் தவிர.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஔரங்கசீப் 1658 ஜூலையிலேயே அவசரமாக ஒரு முடிசூட்டு நடத்திக்கொண்டார். ஆனால் குத்பாவையும் காசையும் அப்போது தொடவில்லை. போட்டியாளர்களை ஒடுக்கி, 1659 ஜூனில் இரண்டாம் முறை முறைப்படி முடி சூட்டியபோதுதான் தம் பெயரில் காசு அறிவித்தார். முராத் காசில் தொடங்கினார். ஔரங்கசீப் காசில் முடித்தார்.

இது இந்தியாவில் மட்டும் நடந்த விந்தை என்று எண்ண வேண்டாம். இதற்குப் பதினைந்து ஆண்டு முன்பு இங்கிலாந்தில் அரசர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. லண்டன் நாணயச்சாலை நாடாளுமன்றத்தின் கையில். அரசர் ஷ்ரூஸ்பரி, ஆக்ஸ்ஃபோர்டு, பிரிஸ்டல் என்று போகிற ஊரில் எல்லாம் நாணயச்சாலை திறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் வெள்ளித் தட்டு, கிண்ணம் எல்லாம் 1643-இல் கடன் என்ற பெயரில் வாங்கி உருக்கப்பட்டன. அந்தக் கடன் திரும்பவே இல்லை. முற்றுகையில் சிக்கிய நியூவார்க் என்ற ஊரில் உருக்கக்கூட நேரமில்லை. தட்டை அப்படியே சாய்சதுரமாக வெட்டி முத்திரை குத்திக் காசாக்கினார்கள். சில காசுகளில் பழைய தட்டின் பூவேலை இன்றும் தெரிகிறது. வேடிக்கை எங்கே என்றால் லண்டனில். அரசரோடு போர் புரிந்த நாடாளுமன்றம், தன் படைக்குக் கூலி கொடுக்க அடித்த காசில் அதே அரசரின் முகத்தைத்தான் போட்டது! வேறு முகம் போட்டால் சந்தையில் வாங்க மாட்டார்கள். எதிரியை வெட்டப் போகிற வீரனின் பையில் எதிரியின் படம்.

நம் தமிழ் மண்ணிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. ஆற்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினார்கள். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. 1749-இல் ஆம்பூரில் சூடுபிடித்த சண்டை, ஆற்காட்டு முற்றுகை, திருச்சி முற்றுகை என்று ஆண்டுக்கணக்கில் ஓடியது. இரு கம்பெனிகளிடமும் நாணயச்சாலை இருந்தது. 1736-இல் நவாபிடம் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஆற்காட்டு ரூபாய் அடித்தார்கள். 1742-இல் அனுமதி பெற்று ஆங்கிலேயர் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் அடித்தார்கள். (சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறதே, அதுவும் கம்பெனியின் நாணயச்சாலையால் வந்த பெயர்தான்.) ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் அடித்த இரண்டு ரூபாயிலும் ஊர்ப் பெயர் ஆற்காடு, அரசர் பெயர் தில்லிப் பாதுஷா. பிரெஞ்சு ரூபாயில் ஒரு பிறை, ஆங்கில ரூபாயில் ஒரு தாமரை. அந்தச் சின்ன அடையாளம்தான் வித்தியாசம். தில்லியில் இரண்டாம் ஆலம்கீர் 1759-இல் கொலையுண்டார். அவர் பெயரிலேயே ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆற்காட்டு ரூபாய் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தா சாகிபு 1752-இல் தலை இழந்தார். வென்றவர் முகமது அலி. ஆனால் வெற்றிக்கான செலவு அவர் தலையில் கடனாக ஏறியது. கம்பெனிக்குக் கடன், கம்பெனி ஊழியர்களுக்குத் தனித்தனியாக வட்டிக் கடன். மாவட்ட மாவட்டமாக வரி வருவாயை அடகு வைத்தார். அந்த ஊழலைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சு புகழ்பெற்றது. நவாபு 1795-இல் இறந்தார். 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சியையே கம்பெனி எடுத்துக்கொண்டது. சூரத்தில் கடன் கொடுத்தவர் கெட்டார்; ஆற்காட்டில் கடன் வாங்கியவர் கெட்டார். வித்தியாசம், கொடுத்தவர் கையில் துப்பாக்கி இருந்ததா இல்லையா என்பதுதான்.

இப்போது நம் சிலாங்கூருக்கு வருவோம்.

இங்கே வெள்ளி இல்லை, ஈயம் இருந்தது. 1857-இல் ராஜா அப்துல்லா மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி கடன் திரட்டி, 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றில் ஏற்றி அம்பாங் பக்கம் அனுப்பினார். ஒரு மாதத்தில் காய்ச்சலில் பெரும்பாலோர் மாண்டு 18 பேரே மிஞ்சினார்கள். இருந்தும் ஈயம் கிடைத்தது, கோலாலம்பூர் பிறந்தது. லம்பத்தில் எடுத்த ஈயம் ஆற்று வழியேதான் கடலுக்கு இறங்க வேண்டும். ஆற்று முகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வரி. கிள்ளான் ஆற்றுக்குக் கிள்ளான். உலு சிலாங்கூர் ஈயத்துக்குக் கோல சிலாங்கூர். இந்த வட்டாரத்துச் சிற்றாறுகள் போய்ச் சேரும் சிலாங்கூர் ஆற்றின் வாய் அது.

கிள்ளான் வரியை ராஜா அப்துல்லா சிங்கப்பூர் வணிகர்களான ரீட், டான் கிம் சிங் ஆகியோருக்குக் குத்தகைக்கு விட்டார். அரச குடும்பத்தானாகிய நான் வரி கட்டுவதா என்று ராஜா மஹாடி மறுத்தார். 1867-இல் கிள்ளான் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். சுல்தான் அப்துல் சமாட்டுக்குக் கிள்ளானிலிருந்து மாதம் போய்க்கொண்டிருந்த 500 வெள்ளியும் நின்றது. சுல்தான் தம் மருமகனான கெடா இளவரசர் தெங்கு கூடினிடம் பொறுப்பைக் கொடுத்தார். 1870-இல் கூடின் கிள்ளானை மீட்டார். மஹாடி கோல சிலாங்கூரைப் பிடித்தார். 1871 ஜூலையில் 'ரினால்டோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோல சிலாங்கூர் மேல் குண்டு வீசியது. 1872-இல் கோலாலம்பூர் சைட் மஷோரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு யாப் ஆ லோய் பகாங் படையின் துணையோடு அதை மீட்டார். 1873 நவம்பரில் கோல சிலாங்கூரும் மஹாடி தரப்பின் கையைவிட்டுப் போனது.

இத்தனை சண்டையிலும் யாரும் தம் பெயரில் வெள்ளிக்காசு அடிக்கவில்லை. ஏன்? முதல் காரணம், இங்கே யாரும் அரியணைக்குப் போட்டியிடவில்லை. சுல்தான் லங்காட்டில் சுல்தானாகவே இருந்தார். சண்டை வரி உரிமைக்கு. அரசர் நான் என்று அறிவிக்க வேண்டாதவருக்குக் காசில் பெயர் எதற்கு? இரண்டாவது, அரிசியும் அபினும் துப்பாக்கியும் வாங்கப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும்தான் போக வேண்டும். அங்கே செல்லுபடியாகும் காசு ஒன்றுதான்: ஸ்பானிய வெள்ளி, அதன் வாரிசான மெக்சிகோ வெள்ளி. சூரத்தில் உருக்கி முராத் பெயர் பொறித்தார்களே, அதே ஸ்பானிய அமெரிக்க வெள்ளி இருநூறு ஆண்டு கழித்து இங்கே உருக்கப்படாமல் அப்படியே ஓடியது. நாம் இன்றும் பத்து ரிங்கிட்டைப் 'பத்து வெள்ளி' என்கிறோம். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் அந்தக் காசின் பல்பல்லான விளிம்பைக் குறித்து வந்ததுதான்.

பெயர் பொறிக்காவிட்டால் கடன் இல்லாமல் போகுமா? கூடினின் சிப்பாய்களுக்கும் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் மாதக் கூலி. பணம் தந்தவர்களில் முக்கியமானவர் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன். ஈடாக, 1873-இல் சிலாங்கூரில் யாரும் எடுக்காத ஈய நிலங்களின் மேல் பத்தாண்டு உரிமை அவர் தரப்புக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1874-இல் பிரிட்டிஷ் தலையீடு வந்தது. 1875-இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக வந்து அமர்ந்தவர் யார் தெரியுமா? அதே டேவிட்சன். சாந்திதாஸ் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் நின்றார். இவர் ஆலோசகராகவே ஆகிவிட்டார். வென்ற பக்கத்தில் இருந்த யாப் ஆ லோய்க்கோ எரிந்த ஊரும் மலைபோல் கடனும் மிச்சம். 1879-இல் ஈய விலை ஏறிய பிறகுதான் மூச்சு விட்டார்.

நம் பெரியவர்கள் பார்த்த இன்னொரு காசையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உள்நாட்டுப் போர்க் காசு அல்ல, என்றாலும் இந்த வரிசையில்தான் வரும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு. வரிசை எண்கூட இல்லாமல் அடித்துத் தள்ளினார்கள். தோட்டத்தில் கூலி அதில்தான். ஆட்சி மாறியதும் ஒரே நாளில் அது வெறும் தாள் ஆனது. முராத் காசை உருக்கினால் வெள்ளியாவது தேறும். இதை அடுப்பில்தான் போட முடிந்தது. சேர்த்து வைத்தவர்கள் தகரப் பெட்டியோடு பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டியின் பெட்டியிலோ சாமி அறையிலோ பழைய வெள்ளிக்காசு இருந்தால், பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து தேய்ந்துவிடும். எடைக்கும் போட்டுவிடாதீர்கள். மெக்சிகோ வெள்ளியிலோ ஸ்பானிய வெள்ளியிலோ சின்னச் சின்னதாகச் சீன எழுத்துக் குத்தல்கள் இருக்கலாம். காசு பழுது என்று நினைக்க வேண்டாம். வெள்ளி சுத்தமானதுதான் என்று சோதித்துப் பார்த்த வணிகர்கள், தங்கள் கடை முத்திரையை அந்த அரசரின் கன்னத்திலேயே குத்தி அனுப்பியவை அவை.